தடைக்காலத்தில் திறந்த டீசல் பம்பு

கடுவையாற்று முகத்துவாரத்தைத் தாண்டி அந்தப் படகு உள்ளே வரும்போதே சத்தத்தில் தெரிந்துவிட்டது. ஆறு சிலிண்டர் லேலண்ட் இன்ஜின் ஐடிலில், அதாவது சுமையில்லாமல் சும்மா ஓடும்போது, ஒரே தாளத்தில் ஓட வேண்டும். இது ஏறி இறங்கி, ஏறி இறங்கி வந்தது. நடுநடுவே ஓர் அடி விழாமல் போகிற இடைவெளி. புகைக்குழாயில் கறுப்பு. அன்று ஏப்ரல் 14 சாயங்காலம். மறுநாளிலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குக் கடல் கிடையாது. நாகப்பட்டினம் பக்கம் இன்ஜின் வேலை பார்க்கிறவர்களுக்கு எதையும் நிதானமாகப் பிரித்துப் பார்க்க வருஷத்தில் கிடைக்கிற அவகாசம் அந்த மீன்பிடித் தடைக்காலம்தான்.

படகுக்காரர் எனக்கு மூத்தவர். கயிறு கட்டிக்கொண்டே சொன்னார்:

"தம்பி, மடிவலை இழுக்கும்போது இன்ஜினுக்கு உசிரே இல்ல. பொகதான் வருது. போன மாசம் ஒரு எடத்துல காட்டுனேன். டீசல கொஞ்சம் ஏத்தி உட்டாங்க. ரெண்டு நாள் நல்லா இழுத்துச்சு, அப்புறம் பழையபடிதான்."

"ஈய சீல ஒடச்சா ஏத்துனாங்கண்ணே?"

"அதெல்லாம் நான் பாக்கல."

மறுநாள் காலையில் இன்ஜின் ரூமில் இறங்கிப் பார்த்தேன். இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரில், அதிகபட்ச டீசலைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூவின் ஈயச் சீல் இல்லை. கம்பி மட்டும் தொங்கியது. நட்டின் விளிம்பில் ஸ்பேனர் பட்ட பளபளப்பு. அந்த ஸ்க்ரூவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு.

சிலிண்டர்களுக்கு டீசலை அளந்து உயர் அழுத்தத்தில் தள்ளும் அந்தப் பம்பு மைக்கோ, ஏ டைப். பெயர்த் தகட்டைத் துடைத்துப் படித்தேன்: பிஇ 6 ஏ 90 டி என்று தொடங்கி ஆர் எழுத்தோடு முடிந்தது. படிக்கத் தெரிந்தால் அந்தத் தகடே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். பிஇ என்றால் தன் கேம்ஷாஃப்டைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் பம்பு. 6 என்பது எலிமென்ட் எண்ணிக்கை: பேரல் என்ற குழலும் அதற்குள் மேலும் கீழும் போகிற பிளஞ்சர் என்ற தண்டும் சேர்ந்தது ஒரு எலிமென்ட், சிலிண்டருக்கு ஒன்று. ஏ என்பது அளவு. 90 என்றால் பிளஞ்சரின் விட்டம் 9.0 மில்லிமீட்டர். கடைசி எழுத்து, ஓட்டும் பக்கமிருந்து பார்த்தால் எந்தப் பக்கம் சுற்றும் என்பதற்கு. மாற்று எலிமென்ட் வாங்கப் போகிறவர் தகட்டு எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவது நல்லது. "லேலண்ட் பம்புக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்து, விட்டம் ஒன்றாகவும் ஹீலிக்ஸ் (டீசல் அளவைத் தீர்மானிக்க பிளஞ்சரில் இருக்கும் சாய்வு வெட்டு) வேறாகவும் இருந்து திண்டாடியவர்களை எனக்குத் தெரியும்.

மைக்கோ 1951இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனம். 2008இல் பெயரே பாஷ் லிமிடெட் என்று மாறிவிட்டது. ஆனாலும் துறைமுகத்தில் இன்றைக்கும் 'மைக்கோ பம்பு'தான். இந்த வகை வரிசைப் பம்புகளை பாஷ் 1927இலிருந்து தொகுதியாகத் தயாரித்துவருகிறது. அடிப்படை அப்போதிருந்து பெரிதாக மாறவில்லை. எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாததால்தான் உப்புக் காற்றில் இத்தனை வருஷம் தாங்குகிறது. அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் கை வைக்கவும் முடிகிறது.

பம்பில் கை வைக்கும் முன் குற்றம் பம்பில்தானா என்று பார்க்க வேண்டும். இன்ஜினை ஐடிலில் விட்டு, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் பக்கம் இருக்கும் யூனியன் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்தினேன். ஒரு சிலிண்டருக்குப் போகிற டீசலை நிறுத்தினால் இன்ஜின் தடுமாற வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை தளர்த்தும்போதெல்லாம் சத்தம் மாறியது. ஆறாவதைத் தளர்த்தினேன். ஒரு மாற்றமும் இல்லை. அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யாமல்தான் இருந்திருக்கிறது.

அடுத்து ஆறாவது நாசிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டேன், இரண்டாவதை ஆறாவதில். குறை நாசிலோடு நகர்ந்து இரண்டுக்குப் போயிருந்தால் நாசிலை மட்டும் பார்த்தால் போதும். குறை ஆறிலேயே இருந்தது. வால்வு இடைவெளி சரியாக இருந்தது, கம்ப்ரெஷனும் மற்ற சிலிண்டர்களோடு ஒத்திருந்தது. இன்ஜின் ஓடும்போது டெலிவரி பைப்பை இரண்டு விரலால் பிடித்தால் நாடி போல ஒரு துடிப்பு தெரியும். ஐந்து பைப்பில் அடித்தது. ஆறாவதில் மங்கலாக ஏதோ ஒன்று. ஆக, பம்புதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கசிவு தேட ஒருபோதும் கையைக் கொண்டுபோகாதீர்கள். பைப்பில் ஊசிக் கண் அளவு விரிசல் இருந்தாலும் அதில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகிவிடும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், ஈரம் அதில் தெரியும். அப்படி யாருக்காவது பட்டுவிட்டால் வலிக்கிறதா என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பம்பின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே ஆறு ஸ்பிரிங், பிளஞ்சரைத் திருப்பி டீசல் அளவை மாற்றும் ஆறு கண்ட்ரோல் ஸ்லீவ், அவற்றைச் சுழற்றும் ரேக் என்ற தண்டு. இன்ஜின் நிற்கும்போது ரேக்கை விரலால் தள்ளினால் தடையில்லாமல் போய் வர வேண்டும். இது பாதி வழியில் கனத்தது. ஒவ்வொரு ஸ்லீவாகத் தொட்டு ஆட்டினேன். ஆறாவதுதான் இறுக்கம். பேரலின் அடியில் வழிந்த இடத்தில் காவிக் கறை.

ஐடில் ஏன் ஏறி இறங்கியது என்பது அப்போது விளங்கியது. வேகம் குறைந்தால் கவர்னர் ரேக்கைத் தள்ளும். ரேக் ஒட்டிக்கொண்டு நகராது. கவர்னர் இன்னும் அழுத்தும். சட்டென்று விடுபட்டு அதிகமாக நகரும். வேகம் எகிறும். திரும்ப இழுக்கும்போதும் அதே கதை. இதோடு விட்டால் பரவாயில்லை. ஒரு நாள் ரேக் முழு டீசல் நிலையில் ஒட்டிக்கொண்டால் இன்ஜின் கட்டுப்பாடில்லாமல் வேகம் பிடித்துச் சிதறிவிடும். நடுக்கடலில், மூன்றடி இன்ஜின் ரூமில் ஆள் இருக்கும்போது. ஐடில் ஆடுகிற இன்ஜினை 'அது அப்படித்தான்' என்று ஓட்டுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

பம்பின் கேம் அறை எண்ணெயை டிப் குச்சியில் பார்த்தேன். மட்டம் குறிக்கு மேலே. முகர்ந்தால் டீசல் வாடை, விரலில் தேய்த்தால் வழவழப்பே இல்லை. எண்ணெய் குறைந்தால் எல்லோரும் பயப்படுகிறார்கள். பம்பில் எண்ணெய் கூடினாலும் பயப்பட வேண்டும். டீசல் உள்ளே இறங்கி எண்ணெயைக் கெடுக்கிறது என்று அர்த்தம். அது பிளஞ்சர் வழியாகவும் வரலாம், டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தரும் ஃபீட் பம்பின் தள்ளுதண்டு வழியாகவும் வரலாம்.

கழற்றுவதற்கு முன்னால் ஒரு முழுக் காலை, பம்பின் வெளிப்புறத்தைக் கழுவுவதிலேயே போனது. பிரஷ், டீசல், மறுபடி டீசல், காற்று. உதவிக்கு வந்த பையன் அலுத்துக்கொண்டான். பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி 2 முதல் 4 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் 60, 70 மைக்ரான் வரும். நட்டைத் திறக்கும்போது விழுகிற மணல் ஒன்று அந்த இடத்துக்கு எவ்வளவு பெரிய பாறை என்று அவனுக்குச் சொன்னேன். அதன்பிறகு அவனே பல்துலக்கும் பிரஷ் வாங்கி வந்து மூலைகளைத் தேய்த்தான்.

பிளைவீலை ஓடும் திசையில் சுற்றி, ஆறாவது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூட, ஒன்று திறக்கிற நிலைக்குக் கொண்டுவந்தேன். அப்போது முதல் சிலிண்டர் கம்ப்ரெஷனில் இருக்கும். டீசல் தள்ளத் தொடங்கும் நிலையைக் காட்ட பிளைவீலில் இருந்த டீசல் குறிக்கும், பம்பை இன்ஜினோடு இணைக்கும் கப்ளிங்கின் குறிக்கும் நேரே வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டுப் போட்டோவும் எடுத்துக்கொண்டேன். பைப்புகளைக் கழற்றிக் கழற்றி, திறந்த வாய்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் மூடி. துணியைத் திணிக்கும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. வேண்டாம். துணியின் நூல் நேராக நாசிலில் போய் உட்காரும்.

பம்பை முழுதாகப் பிரிப்பதை நான் படகில் செய்வதில்லை, வீட்டிலும் செய்வதில்லை. இதில் நான் கறாராக இருக்கிறேன். கழற்ற எனக்குத் தெரியும், மாட்டவும் தெரியும். ஆனால் ஆறு எலிமென்ட்டும் ஒரே அளவு டீசல் தருகிறதா என்று அளக்க டெஸ்ட் பெஞ்ச் இல்லாமல் முடியாது. அளக்க முடியாத ஒன்றைத் திருகி வைப்பது ஊகம். தஞ்சாவூரில் நான் நம்பும் ஒரு பம்ப் ரூம் இருக்கிறது. அங்கே பெரியவர் ஒருவர், பிரிக்கும்போது பக்கத்தில் உட்கார விடுவார். சாக்கில் சுற்றிப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அந்த எடையை மூன்று மணி நேரம் சுமந்தது இன்னும் தொடையில் இருக்கிறது.

பெரியவரின் மேசையில் பழைய இட்லித் தட்டுகள் இரண்டு. ஒரு குழிக்கு ஒரு எலிமென்ட் என்று பிளஞ்சர், பேரல், ஸ்பிரிங், டெலிவரி வால்வு எல்லாம் தனித்தனியே போகும். குழி விளிம்பில் எண் கொத்தியிருந்தார். பிளஞ்சரும் பேரலும் ஒன்றோடொன்று இழைத்து எடுத்த ஜோடி. இரண்டாவதின் பிளஞ்சரை மூன்றாவதின் பேரலில் போட்டால் உள்ளே போகும், ஆனால் வேலை செய்யாது.

கேம்ஷாஃப்டைச் சுழற்றி, பிளஞ்சரை மேலே தள்ளும் டாப்பெட் ஒவ்வொன்றும் மேலே வரும்போது கீழே தாங்கி செருகினார். கேம்ஷாஃப்ட் வெளியே வந்தது. அடி மூடிகளைத் திறந்து ஒவ்வொரு பிளஞ்சராகக் கீழ்வழியே உருவினார். முதல் மூன்றும் எண்ணெய் தடவிய வெள்ளி போல வந்தன. நான்காவதில் ஊசிமுனைப் புள்ளிகள். ஐந்தாவதில் புள்ளிகள் சேர்ந்து கோடு. ஆறாவது விரலால் இழுத்து வரவில்லை, மரக்குச்சியால் தட்டித்தான் வந்தது. ஹீலிக்ஸுக்குக் கீழே ஒரு பக்கம் முழுக்கக் காவி.

"தண்ணி" என்றார் பெரியவர். வேறெதுவும் சொல்லவில்லை.

ஏன் ஆறாவது? படகில் இன்ஜின் பின்பக்கம் சரிந்துதான் உட்கார்ந்திருக்கும், ஷாஃப்ட் அப்படித்தான் கீழே இறங்குகிறது. பம்பும் அதே சரிவில். தண்ணீர் டீசலைவிடக் கனமானது. இன்ஜின் நிற்கும்போது பம்பின் டீசல் அறையில் தாழ்ந்த கோடியில் போய்த் தங்கும். அந்தக் கோடிதான் ஆறு, அதற்கு முன்னால் ஐந்து, அதற்கு முன்னால் நான்கு. துரு சரியாக அந்த வரிசையில் ஏறி வந்திருந்தது. மேசையில் அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, படகுத் தளத்தின் சரிவே எனக்குக் கண்ணில் தெரிந்தது.

பிளஞ்சரைச் சோதிக்க அவர் செய்வது எளிமையானது. சுத்தமான டீசலில் நனைத்து, பேரலைச் சாய்த்துப் பிடித்து, பிளஞ்சரை மூன்றில் இரண்டு பங்கு வெளியே இழுத்துவிட்டு விடுவார். அது தன் எடையில் நிதானமாக, தடுக்காமல் இறங்க வேண்டும். பின் சற்றுத் திருப்பி இன்னொரு முறை, இன்னொரு முறை. எந்தத் திருப்பத்தில் நின்றாலும் அது ஆகாது. அடுத்து பேரலின் மேல் வாயையும் துளைகளையும் விரலால் அடைத்து பிளஞ்சரை இழுத்து விடுவார். உள்ளே வெற்றிடம் பிடித்து அது திரும்ப ஓட வேண்டும். முதல் மூன்றும் ஓடின. நான்காவது ஓடியது. ஐந்தாவது தயங்கியது. ஆறாவது அப்படியே நின்றது. பிளஞ்சரை வால் பக்கம் மட்டும் பிடிக்கச் சொன்னார். கை வியர்வை இழைத்த முகத்தில் பட்டால் மறுநாள் விரல் ரேகை துருவாக நிற்கும்.

ஆறாவதின் டெலிவரி வால்வு இருக்கையிலும் அரிப்பு இருந்தது. சின்னப் பாகம் என்று இதை அலட்சியம் செய்கிறார்கள். டீசல் போய் முடிந்ததும் இந்த வால்வு இறங்கும்போது, அதன் கழுத்துப் பட்டை பைப்பிலிருந்து ஒரு துளி அளவு இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதனால் பைப்பில் அழுத்தம் சட்டென்று விழுந்து நாசில் கறாராக மூடுகிறது. பட்டை தேய்ந்தால் நாசில் சொட்டும், நுனியில் கரி பிடிக்கும். இருக்கை அரித்தால் பைப்பில் நிற்க வேண்டிய டீசல் பின்னால் இறங்கிவிடும், அடுத்த அடி பலவீனமாகும். எங்கள் ஆறாவதில் நடந்தது இதுதான். பிளஞ்சர் இறுக்கம் ரேக்கைக் கெடுத்தது, வால்வு அரிப்பு சிலிண்டரைக் கெடுத்தது.

இப்போது அந்த ஸ்க்ரூ. ஆறாவது சிலிண்டர் உழைக்கவில்லை. அதன் பங்கை மற்ற ஐந்தும் சுமக்கின்றன. போன மாதம் பார்த்த இடத்தில் நோய் எங்கே என்று தேடாமல், எல்லாவற்றுக்குமாக டீசலை ஏற்றிவிட்டார்கள். ஐந்துக்கும் எரிக்கக்கூடிய அளவைவிட அதிக டீசல். காற்றோ பழைய அளவுதான். முழுதாக எரியாத டீசல்தான் கறுப்புப் புகை. அது இழுவையாக மாறாது, புகைச்சூட்டை ஏற்றும், சிலிண்டர் சுவரைக் கழுவி இன்ஜின் எண்ணெயைத் தண்ணியாக்கும், ரிங்கைக் கரி பிடிக்க வைக்கும். லிட்டர் லிட்டராக டீசல் வாங்கிக் கடலுக்குப் போகிற ஒருவரின் காசு அது. ஏற்கெனவே நோயான இன்ஜினுக்குச் சாட்டையடி. தொழிலில் இருக்கிறவர்கள் இதைச் செய்யவே கூடாது.

ஐந்துக்கும் ஆறுக்கும் புது எலிமென்ட், புது டெலிவரி வால்வு. நான்காவதையும் மாற்றிவிடலாம் என்று பெரியவர் சொன்னார். படகுக்காரருக்குப் போன் போட்டேன். "மாத்திடு தம்பி, கடலுக்கு நடுவுல நின்னா அதுக்கு மேல செலவு" என்றார். மூன்றுமாக வாங்கினோம். ஃபீட் பம்பின் தள்ளுதண்டும் ஆட்டம் கொடுத்ததால் அதுவும் புதிது.

மாட்டும்போது ஒரே இடத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிளஞ்சரின் வாலில் ஒரு குறி இருக்கும். எல்லாப் பிளஞ்சரிலும் அது ஒரே பக்கம், மூடிப் பக்கம், பார்த்திருக்க வேண்டும். அரைச் சுற்று மாறி உட்கார்ந்தால் ஹீலிக்ஸ் துளைக்கு எதிர்ப்பக்கம் போய்விடும். பிறகு ரேக் எங்கே இருந்தாலும் அந்த சிலிண்டருக்கு டீசல் போய்க்கொண்டே இருக்கும். ஸ்டாப் லீவரை இழுத்தாலும் நிற்காது. பெரியவர் ஆறையும் டார்ச் அடித்து ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்க்கச் சொன்னார்.

டெலிவரி வால்வு ஹோல்டரை, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரில்தான் இறுக்கினார். அதிகம் இறுக்கினால் பேரலே நெளியும். ஒவ்வொன்றை இறுக்கியதும் ரேக்கைத் தள்ளிப் பார்த்தார். நான்காவதை இறுக்கியதும் லேசாகக் கனத்தது. தளர்த்தி, வாஷரை மாற்றி, மறுபடி இறுக்கியதும் சரியானது. அந்த ஒரு தள்ளலைச் செய்யாமல் விட்டிருந்தால் இத்தனை வேலையும் செய்து பழைய நோயோடே திரும்பியிருப்பேன்.

பெஞ்சில் முதலில் ஃபேஸிங் பார்த்தார். கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றில் ஆறு அடி, அடிக்கும் அடிக்கும் சரியாக 60 டிகிரி. டாப்பெட் ஸ்க்ரூவைத் திருகி ஒவ்வொன்றையும் அந்த 60க்குள் கொண்டுவந்தார், இன்ஜினின் எரிவரிசையான 1, 5, 3, 6, 2, 4 என்ற ஒழுங்கிலேயே. பிறகு அளவு. ஆறு கண்ணாடிக் குழாயில் டீசல் ஏறுவதைப் பார்ப்பது எனக்கு இன்றும் அலுக்கவில்லை. முதல் ஓட்டத்தில் புது எலிமென்ட் மூன்றும் உயரம், பழையது மூன்றும் சற்றுத் தாழ்வு. ஸ்லீவின் கிளாம்பைத் தளர்த்தி இம்மியளவு திருப்பி, ஓட்டி, திருப்பி, ஓட்டி, ஐந்தாறு சுற்றுக்குப் பின் ஆறும் ஒரே கோட்டில் நின்றன. ஐடில், நடு, முழு வேகம் மூன்றிலும் பார்த்தார். கடைசியாக அந்த அதிகபட்ச ஸ்க்ரூவை அட்டவணை அளவுக்கு இறக்கி, கம்பி கோத்து, புதிதாக ஈயம் வைத்து நசுக்கினார்.

பம்பை இன்ஜினில் திரும்ப மாட்டினேன். பெயின்ட் கோடுகள் இருந்தாலும் அதை நம்பி விடுவதில்லை. சொட்டு டைமிங், அதாவது முதல் சிலிண்டருக்குப் பம்பு டீசல் தள்ளத் தொடங்கும் இடம் பிளைவீல் குறியோடு சேர்கிறதா என்று, பார்த்தே தீருவேன். முதல் எலிமென்ட்டின் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, ஹோல்டரை மட்டும் மாட்டி, அதன் மேல் வளைந்த சின்னக் குழாய். தலைக்கு மேல் ஒரு டின்னைத் தொங்கவிட்டு வடிகட்டிய டீசலை பம்புக்கு இறக்கினேன். ஸ்டாப் லீவர் விட்ட நிலையில் இருக்க வேண்டும். இழுத்த நிலையில் இருந்தால் டீசல் எப்போதும் நிற்காது, அங்கே குழம்பிப்போய் மணிக்கணக்கில் பிளைவீலைச் சுற்றியவர்கள் உண்டு. குறிக்கு நன்றாக முன்னாலேயே ஆரம்பித்து ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்ற வேண்டும். குறியைத் தாண்டிவிட்டால் பின்னால் கொஞ்சம் வந்து சரிசெய்யலாம் என்று நினைக்கக் கூடாது, கியரின் தளர்வு கணக்கைக் கெடுத்துவிடும். நன்றாகப் பின்னால் போய் மறுபடி வர வேண்டும்.

ஒழுகல் மெலிந்தது. நூலானது. சொட்டானது. சொட்டுக்கும் சொட்டுக்கும் பத்துப் பதினைந்து விநாடி வரும் இடத்தில் நிறுத்தினேன். பிளைவீல் குறி ஒரு டிகிரி போலத் தள்ளி இருந்தது. கப்ளிங்கின் நீள்துளையில் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்தி, மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது தடவை சொட்டும் குறியும் சேர்ந்தன. உறுதிக்கு நான்காவது தடவையும் பார்த்தேன்.

பிறகு டேங்க். உண்மையில் இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். டேங்கின் அடிக் குழாயைத் திறந்து வாளியில் விட்டோம். முதலில் வந்தது கலங்கல் தண்ணீர், வாளியில் கால்வாசி. அதன் பின் கறுப்பாக, கொழகொழவென்று சளி. தண்ணீரும் டீசலும் சந்திக்கிற மட்டத்தில் கிருமி வளர்ந்து இப்படி ஆகும். அது ஃபில்டரை அடைக்கும், அமிலத்தன்மையால் இரும்பை அரிக்கும். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தேடினோம். டேங்கின் காற்றுக் குழாய் தளத்துக்கு மேல் ஒரு சாண்கூட இல்லை, வாய் நேராக மேலே பார்த்து நின்றது. அலை தெறித்தால் உள்ளே. மழை பெய்தால் உள்ளே. அதைத் தவிர, பாதி காலியான டேங்கோடு இரவில் நின்றால் சுவரில் வியர்த்து வடியும் நீர்.

காற்றுக் குழாயை உயர்த்தி, வாயைக் கீழ்நோக்கி வளைத்து வெல்டிங் போட்டோம். டேங்கை உள்ளே ஆள் கைவிட்டுத் துடைத்தோம். பம்புக்கு முன்னால் கண்ணாடிக் கிண்ணம் வைத்த நீர்பிரிப்பான் ஒன்று. கேனிலிருந்து ஊற்றும் புனலுக்குச் சல்லடை.

பையன் ஒரு கேள்வி கேட்டான்: 2020 ஏப்ரலிலிருந்து வரும் பிஎஸ் 6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தானே, அதில் வழவழப்பு இல்லை, பழைய பம்பு தேய்கிறது, டூ ஸ்ட்ரோக் எண்ணெய் கலக்க வேண்டும் என்கிறார்களே? இந்தப் பம்பில் பிளஞ்சருக்கு மசகு டீசல்தான், அதனால் கேள்வி நியாயமானது. கந்தகத்தை நீக்கும்போது வழவழப்பும் குறைவது உண்மை. ஆனால் அதை ஈடுகட்டச் சேர்மானம் போட்டுத்தான் டீசல் வருகிறது. தரவரையறையிலேயே தேய்மானச் சோதனையில் விழும் தழும்புக்கு 460 மைக்ரான் என்ற உச்ச எல்லை இருக்கிறது. எண்ணெய் கலக்கச் செலவழிக்கும் காசில் ஃபில்டரை வேளைக்கு மாற்றுவதுதான் என் வழக்கம். நான் திறந்த பம்புகளில் பழுதானவை அதிகமும் தண்ணீரால், அதற்கடுத்து தூசியால்.

டீசல் வழியில் தங்கிய காற்றை எடுத்தோம்: ஃபில்டர் ஸ்க்ரூ, பம்பு ஸ்க்ரூ, கடைசியாக நாசில் பக்க யூனியன்கள். ஸ்டார்ட் செய்யும் முன், காற்று உறிஞ்சும் வாயை மூடுகிற அளவு பலகை ஒன்றைப் பையன் கையில் கொடுத்து அங்கேயே நிற்க வைத்தேன். டீசலை அடைக்கும் காக் பக்கம் படகுக்காரர். பம்பைத் திறந்து மூடிய முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் தறிகெட்டால் நிறுத்த இரண்டே வழி, டீசலை அடைப்பது, காற்றை அடைப்பது. பம்புக்குள் இருக்கும் டீசலிலேயே அது கொஞ்ச நேரம் ஓடும் என்பதால் பலகைதான் வேகமானது. கையால் மூடப் போகக் கூடாது.

இரண்டாவது சுற்றிலேயே பிடித்தது. ஆறும் ஒரே தாளம். படகுக்காரர் காக்கிலிருந்து கையை எடுக்காமலே சிரித்தார்.

இருபது நிமிடத்தில் அணைந்துவிட்டது.

மறுபடி காற்று எடுத்தேன், ஓடியது, மறுபடி அணைந்தது. எங்கேயும் டீசல் ஒழுகவில்லை. ஒழுகாததுதான் துப்பு. ஃபீட் பம்புக்கு முன்னால் இருக்கும் பைப்பில் உறிஞ்சல்தான் இருக்கும், அழுத்தம் கிடையாது. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். நீர்பிரிப்பானுக்குப் போகும் பேஞ்சோ போல்ட்டில் (பைப்பை இணைக்கும், நடுவே துளையுள்ள போல்ட்) பழைய செப்பு வாஷரையே போட்டிருந்தேன். நெருப்பில் காட்டி இளக்கிப் போட்டிருக்கலாம் அல்லது புதிது வாங்கியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை, அது என் தவறு. புது வாஷர் இரண்டு போட்டதும் காற்று நுழைவது நின்றது. கரையில் கட்டியே இரண்டு மணி நேரம் ஓட்டினோம். புகைக்குழாயில் வெயிலில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சாம்பல்தான்.

ஜூன் 15 அதிகாலையில் படகு கிளம்பியது. நான் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுத்து, தினமும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் நீர்பிரிப்பானிலிருந்து ஒரு டம்ளர் அளவு அதில் பிடித்து வைக்கச் சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்ததும் படகுக்காரர் மீனைக்கூட இறக்காமல் முதலில் அந்தப் பாட்டிலைத்தான் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு விரல் தண்ணீர். டேங்க் மூலையில் மிச்சம் நின்றது இறங்கியிருக்கிறது. அடுத்த முறை அரை விரல். அதற்கடுத்த முறை துப்புரவாக டீசல் மட்டும்.

"இனிமே புடிக்க வேணாம்ல?"

"மழக்காலம் வருதுண்ணே. புடிங்க."

பம்பு எண்ணெய்க் குச்சியில் மட்டம் நான் கோடு போட்ட இடத்திலேயே நிற்கிறது. இன்ஜின் ரூம் சுவரில் சாக்பீஸில் தேதியும் எழுதிவைத்திருக்கிறேன். பக்கத்துப் படகுக்காரர் போன வாரம் கூப்பிட்டார். அவர் படகிலும் ஐடில் லேசாக ஆடுகிறதாம். இந்தத் தடவை பம்புக்குப் போகவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு நேராக அவருடைய டேங்க் அடிக்குழாய்க்குப் போனேன்.